விளிம்பில் வழியும் பனி

கனடாவின் ராக்கி மலைத்தொடரில் பதினாறாயிரம் அடி உயரமுள்ள இரண்டு சிகரங்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இருந்தன, வரைபடத்தில் மட்டும். 1827 மே மாதம் அத்தபாஸ்கா கணவாயைக் கடந்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ் பக்கத்திலிருந்த மலை ஒன்றின் மேல் ஏறி இறங்கினார். ஏறியதற்கு பிரௌன் என்றும் எதிரே நின்றதற்கு ஹூக்கர் என்றும் தன் துறைப் பெரியவர்கள் இருவரின் பெயரை வைத்தார். அந்த பிரௌன் வேறு யாருமல்ல, நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை அதே 1827-இல் நுண்ணோக்கியில் பார்த்து, பள்ளிப் புத்தகம் வழியாக நம் எல்லோரிடமும் வந்து சேர்ந்த ராபர்ட் பிரௌன்தான். கணவாயின் உயரத்தையே மிகையாக நினைத்திருந்த காலம். அதன் மேல் மலையின் உயரத்தையும் கூட்டியதில் கணக்கு எங்கேயோ போய்விட்டது. லண்டனில் அச்சான அட்லஸ்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டன.

1893-இல் டொராண்டோப் பேராசிரியர் கோல்மன் சிரமப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்து பார்த்தால், பிரௌன் மலை ஒன்பதாயிரம் அடியைச் சற்றே தாண்டியது. ஆனாலும் நார்மன் காலி என்ற ஆங்கிலேயருக்கு மனம் ஒப்பவில்லை. லண்டனில் வேதியியல் ஆசிரியர், மலையேற்றப் பித்தர். 1895-இல் நங்க பர்பத்தில் ஏற முயன்ற மம்மரியின் குழுவில் இருந்து, மம்மரியும் இரண்டு கூர்க்கா வீரர்களும் பனிச்சரிவில் போய்விட, உயிரோடு திரும்பியவர். அந்த ராட்சத மலைகள் வடக்கே எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று 1898 கோடையில் குதிரைகளோடு கிளம்பினார். ஆகஸ்ட் 18 அன்று அவரும் உடன் வந்த வுல்லியும் அத்தபாஸ்கா சிகரத்தில் ஏறினார்கள். மூன்றாமவரான ஸ்டட்ஃபீல்டு, முகாமில் சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்ததால் மலையாடு வேட்டைக்குப் போய்விட்டார். மாலையில் உச்சியை எட்டிய இருவரும் மேற்கே பார்த்தபோது, தேடி வந்த மலைகள் இல்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு வெள்ளைச் சமவெளி சிகரங்களுக்கு நடுவே பரந்து கிடந்தது. அதுதான் கொலம்பியா பனிப்புலம்.

கண்டுபிடித்தார்கள் என்று எழுதும்போது கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடிவாரப் பள்ளத்தாக்குகளில் ஸ்டோனி நகோடா மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி நடமாடியவர்கள். ஸ்டட்ஃபீல்டுக்கு வழிவிட்ட மலையாட்டுத் தடங்கள் அவர்களுக்குப் பழக்கமானவையாகத்தான் இருந்திருக்கும். 1907-இல் ஜாஸ்பர் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, அங்கே குடியிருந்த, பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டி குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பூங்காவின் அழகிய துண்டுப்பிரசுரங்களில் இதற்கு மிகச் சில வரிகளே கிடைக்கும்.

கால்கரியில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான் என்னை அழைத்துப் போனான். லேக் லூயீஸ் ஊரிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் ஓடும் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். பனிப்புலங்களின் பெயரையே வைத்துக்கொண்ட சாலை. 1931-இல், பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களைக் கொண்டு இரு முனையிலிருந்தும் வெட்டத் தொடங்கி, 1940-இல் திறந்தார்கள். பெரும்பாலும் மண்வெட்டி, குதிரை, மனிதத் தோள். இப்போது பூங்கா அனுமதிச் சீட்டை முன்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு மூன்றரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். ஆனால் யாரும் ஓட்டுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்ட ஏதாவது வந்துவிடுகிறது. வழியில் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங் என்ற இடத்தில் மட்டும் பெட்ரோல் கிடைக்கும், நகரத்து விலையை மறந்துவிட்டு அடித்துக்கொள்ள வேண்டும். கைபேசிக்குப் பெரும்பகுதி தூரம் சிக்னல் கிடையாது.

"ஐஸ்ஃபீல்டு எங்கடா?" என்று மூன்றாவது முறை கேட்டபோது அவன் சிரித்துவிட்டான்.

"மாமா, ரோட்டுல இருந்து அது தெரியாது. தெரியுறதெல்லாம் அதோட வால்தான்."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சரியான நிலவியல் விளக்கம் இதுதான். பனிப்புலம் என்பது மேலே, சராசரியாக 3,000 மீட்டர் உயரத்தில், சிகரங்களுக்கு நடுவே நிறைந்து கிடக்கும் மேட்டுநிலப் பனி. கீழே பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது படாது. முன்னால் நிற்கும் சுவர் மறைத்துவிடும். பொங்கும் பால் பானையின் விளிம்பு எங்கெங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் வழிவதைப் போல, மலைகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு சந்து வழியாகவும் பனி வழிந்து இறங்குகிறது. அந்த வழிசல்கள்தான் பனியாறுகள். அத்தபாஸ்கா, சஸ்காச்சுவான், கொலம்பியா, டோம், ஸ்டட்ஃபீல்டு, காசில்கார்டு என்ற ஆறும் முக்கியமானவை. பானைக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே வழிந்ததை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? பசிபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று தொடர் தொடராக மலைகளைத் தாண்டி வருகிறது. இந்த இடத்தில் கண்ட நீர்ப்பிரிமேடு உயரமாக இருப்பதோடு, சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் அதிகம் சாயாமல் படுக்கை வாட்டில் கிடக்கின்றன. கூரான முகடாக இருந்தால் பனி சரிந்து ஓடிவிடும். அகன்ற மேடையாக இருப்பதால் தங்குகிறது. ஆண்டுக்கு ஏழு மீட்டர் அளவுக்குப் பனி பொழிகிறது. கோடை குறுகியது. உருகுவதைவிட அதிகமாக விழுந்துகொண்டிருந்த காலமெல்லாம், மேலே விழுந்தது கீழே இருந்ததை அழுத்தி, காற்றைப் பிதுக்கி, பனித்தூளைப் பனிக்கட்டியாக இறுக்கியது. பல அடுக்குமாடி ஆழத்துக்குப் பனிக்கட்டி சேர்ந்துவிட்டால் அது பாறையைப் போல நிற்காது. தன் எடையைத் தாங்காமல் மெல்ல நகரத் தொடங்கும். புலத்தின் ஆழம் 100 மீட்டரிலிருந்து 365 மீட்டர் வரை என்கிறார்கள்.

பரப்பளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பழைய கையேடுகளில் 325 சதுர கிலோமீட்டர் என்றிருக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம்தான் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் உருகிப்போனதல்ல. எங்கே பனிப்புலம் முடிந்து எங்கே தனிப் பனியாறு தொடங்குகிறது என்று எல்லை கட்டுவதிலும் கொஞ்சம் இருக்கிறது. ஒரே அளவுகோலை வைத்து 1919-ஐயும் 2009-ஐயும் ஒப்பிட்ட ஆய்வு, பரப்பில் ஏறக்குறைய 22 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. நம்பத் தகுந்தது இதுதான். இதுவே போதுமான அளவுக்குக் கவலைக்குரியது. மிகைப்படுத்த வேண்டியதில்லை.

லேக் லூயீஸைத் தாண்டியதும் முதலில் வருவது வேறொரு புலம், வாப்டா. அதுவும் மறைந்தே இருக்கிறது. காக்கைக்கால் என்ற பெயருடைய க்ரோஃபுட் பனியாறு மட்டும் சாலைக்கு மேலே பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் வைத்தபோது அதற்கு மூன்று விரல்கள். கீழ் விரல் 1940-களில் உதிர்ந்துவிட்டது. இப்போது இரண்டு விரல் காக்கை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

போ சம்மிட் என்ற மேட்டில் ஏறி பெய்டோ ஏரியைப் பார்த்தோம். காலியின் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்த பில் பெய்டோவின் பெயர் அது. கூட்டம் நெரிந்த மர மேடையிலிருந்து பார்த்தபோது, ஏரியின் நிறத்தை யாரோ டப்பாவிலிருந்து ஊற்றியது போல் தோன்றியது. அந்த நிறம் நீரில் கரைந்த எதனாலும் வருவதல்ல. பனியாறு பாறையை அரைத்து உண்டாக்கும் மாவு, விரலில் தேய்த்தால் தட்டுப்படாத நுண்மை, நீரில் மூழ்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சூரிய ஒளியில் நீலத்தையும் பச்சையையும் அது சிதறடிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பனி உருகத் தொடங்குமுன் வந்தால் ஏரி வெறும் கருநீலமாக இருக்கும். பனியாறு வேலை செய்யச் செய்யத்தான் இந்தப் பாலேறிய நிறம் ஏறும். ஏரியின் தலைமாட்டில் மாவு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு விசிறி வண்டல்வெளி. அதற்கும் மேலே பெய்டோ பனியாறு, மேடையிலிருந்து பார்த்தால் கொஞ்சம்தான் தெரிகிறது. 1960-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு பனி சேர்கிறது, எவ்வளவு போகிறது என்று விடாமல் வரவு செலவு எழுதப்பட்டுவரும் பனியாறு அது. உலகில் இவ்வளவு நீண்ட கணக்கு சில பனியாறுகளுக்குத்தான் உண்டு. கணக்கில் பெரும்பாலான ஆண்டுகள் நட்டம்.

சன்வாப்டா கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் பார்க்கர் முகடு. இரண்டரை கிலோமீட்டர்போல வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை. அதிக ஏற்றமில்லை, ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் மூச்சு தனியாகக் கணக்குக் கேட்கிறது. பாதையோரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஸ்ப்ரூஸ் மரங்கள் தரையோடு தவழ்ந்து கிடந்தன. காற்றும் பனியும் எழும்ப விடுவதில்லை. நூற்றாண்டுகளைக் கடந்த மரங்கள் என் இடுப்புக்குக் கீழே இருந்தன.

முகட்டைத் தாண்டியதும் காற்று அறைந்தது. கீழே சஸ்காச்சுவான் பனியாறு. புலத்திலிருந்து வழிபவற்றில் மிக நீளமானது. மேலே வெண்மையாகத் தொடங்கி, வளைவில் நீலம் காட்டி, நுனியில் அழுக்குச் சாம்பலாக முடிந்து, அங்கிருந்து ஒரு பழுப்பு ஏரியும், ஏரியிலிருந்து பின்னிப் பின்னி ஓடும் நூல் நூலான ஓடைகளுமாகத் தெரிந்தது. வடக்கு சஸ்காச்சுவான் ஆறு பிறக்கும் இடம். எட்மன்டன் நகரின் குடிநீரை இந்த ஆற்றில்தான் எடுக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, பனியில் ஓடும் ராணுவ வண்டிகளைச் சோதிக்க அமெரிக்கப் படையினர் 1942-இல் இந்தப் பனியாற்றுக்குத்தான் வந்தார்கள். நார்வேயில் ஜெர்மானியரைத் தாக்கும் திட்டம். திட்டம் நடக்கவில்லை, வண்டி மட்டும் பிழைத்துக்கொண்டது.

இங்கேயும் புலம் தெரியவில்லை. பனியாற்றின் தலைப்பு வானத்தில் ஒரு வெள்ளைக் கோடாக முடிந்தது. கோட்டுக்கு அப்பால்தான் எல்லாம்.

கணவாயில் ஒரு பெயர்ப்பலகை: பான்ஃப் பூங்கா முடிந்து ஜாஸ்பர் பூங்கா தொடங்குகிறது, உயரம் 2,035 மீட்டர். கார்கள் நிற்காமல் போகின்றன. இந்த ஒரு மேட்டுக்குத் தெற்கே விழும் மழை வடக்கு சஸ்காச்சுவானோடு சமவெளியைக் கடந்து, வின்னிபெக் ஏரி, நெல்சன் ஆறு வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போகும். வடக்கே விழுவது சன்வாப்டா, அத்தபாஸ்கா, ஸ்லேவ், மெக்கன்சி என்று பெயர் மாறி மாறி ஆர்க்டிக் பெருங்கடலில் சேரும். புலத்தின் மேற்கு விளிம்பில் உருகுவது கொலம்பியா ஆற்றோடு அமெரிக்காவின் ஆரிகன் கரையில் பசிபிக்கில் கலக்கும். மூன்று பக்கமும் நீர் பிரியும் அந்த ஒற்றைப் புள்ளி, புலத்தின் மேல் சுமார் 3,450 மீட்டர் உயரத்தில் உருண்டையாக நிற்கும் ஸ்னோ டோம். ஒரே வீட்டுக் கூரையில் விழுந்த துளிகள் மூன்று கடலுக்குப் போவதை நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு வழக்கு உண்டு. ஹட்சன் விரிகுடா எந்தப் பெருங்கடலைச் சேர்ந்தது? கனடாவில் பலர் அட்லான்டிக் என்பார்கள். அப்படியானால் ஸ்னோ டோம் மூன்று பெருங்கடல்களின் கூரை. பெருங்கடல் எல்லைகளை வகுக்கும் பன்னாட்டு நீரியல் அமைப்பின் வழக்கப்படி அது ஆர்க்டிக்கின் பகுதி. அப்படியானால் மூன்று என்ற எண்ணிக்கை இரண்டாகிவிடும். பட்டம் அமெரிக்காவின் மான்டனாவில் உள்ள ட்ரிப்பிள் டிவைடு சிகரத்துக்குப் போய்விடும். சுற்றுலாப் பலகைகள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை குறைவு. நீர் எந்தப் பெயருள்ள கடலில் விழுந்தால் என்ன, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியுள்ள கடற்கரைகளை அடைகிறது என்பதே போதும்.

கணவாயை இறங்கியதும் வலப்பக்கம் விடுதியும் பார்வையாளர் மையமும், இடப்பக்கம் அத்தபாஸ்கா பனியாறு. வட அமெரிக்காவில் மிக அதிகம் பேர் வந்து பார்க்கும் பனியாறு என்று இதைச் சொல்வார்கள். நீளம் 6 கிலோமீட்டர், கனம் 90-இலிருந்து 300 மீட்டர். இங்கே நின்றுதான் ஒரு விஷயம் உறைத்தது. 1840-களில் பனி இந்தச் சாலையைத் தாண்டி, விடுதி நிற்கும் இடத்துக்குப் பக்கம்வரை, எதிர்மலையின் அடியை முட்டிக்கொண்டிருந்தது. 1896-இல் வில்காக்ஸ் என்ற அமெரிக்கர் குதிரைகளோடு வந்தபோது பள்ளத்தாக்கில் வழியில்லாமல், பக்கத்து மலையின் தோள் மேலே ஏறிச் சுற்றித்தான் போக முடிந்தது. அந்தச் சுற்றுவழி இன்று அவர் பெயரில் வில்காக்ஸ் கணவாய். இப்போது அதே பள்ளத்தாக்கில் பேருந்துகள் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தன.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பனியின் நுனிவரை ஒரு நடைபாதை. வழியில் ஆங்காங்கே ஆண்டு எழுதிய குறிப்பலகைகள், அந்த ஆண்டில் பனியின் நுனி எங்கிருந்தது என்பதற்கு. அக்கா மகன் 1992 பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னான். அவன் பிறந்த ஆண்டு. படத்தில் அவனுக்குப் பின்னால் சரளைக்கல்தான் இருக்கிறது. பனி வெகுதூரத்தில் பின்னணியில்.

பலகைகளைவிட என்னை நிறுத்தியது தரை. வெளிர்சாம்பல் சுண்ணாம்புப் பாறை, மழுமழுவென்று இழைக்கப்பட்டிருந்தது. குனிந்து பார்த்தால் நேர்கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, சில மயிரிழை அளவு, சில விரல் பதியும் ஆழம். எல்லாம் பள்ளத்தாக்கு ஓடும் திசையில். பனிக்கட்டி தனியே பாறையைக் கீறாது. அடியில் பிடித்துவைத்த கற்களைப் பாறை மேல் வைத்து அழுத்தி இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கோட்டின் முடிவில் சிறு பிறை வடிவச் சில்லு பெயர்ந்திருந்தது. கல் அங்கே சற்றே சிக்கி, தாவி, மறுபடி பிடித்திருக்க வேண்டும். கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தால் ஒரு பக்கம் வழுக்கலும் எதிர்ப்பக்கம் சொரசொரப்புமாக இருந்தது. பனி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை விரலாலேயே படித்துவிடலாம். ஆரஞ்சு நிறப் பாசி கோடுகளின் மேல் இன்னும் ஏறவில்லை. இந்தப் பாறை வெளிச்சத்துக்கு வந்து அதிக நாளாகவில்லை.

இருபுறமும் மொரைன் மேடுகள், கோட்டைச் சுவர்போல. பனி தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும், பனி வற்றியபின் அதன் பழைய உயரத்தை அளவு காட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்றைய பனி அந்தச் சுவரின் அடியில் எங்கோ தாழ்ந்து கிடக்கிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் நுனி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியது என்பார்கள். அதைவிட இந்தச் சுவர்தான் என்னைப் பாதித்தது. நீளத்தில் குறைந்தது பலகைகளில் தெரிகிறது. கனத்தில் குறைந்தது சுவரைப் பார்த்தால்தான் தெரியும். கன அளவில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நுனிக்கு முன்னால் கயிறு கட்டி, தாண்டாதே என்று எழுதியிருக்கிறது. பனிப்பிளவுக்குள் விழுந்தவர்களை மீட்பதற்குள் குளிரே கொன்றுவிட்டதைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் பலகை. கயிற்றைத் தாண்டி நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பனியின் மேல் முறையாகப் போக ராட்சதச் சக்கரப் பேருந்து ஒன்றே எளிய வழி. 56 பேர் உட்காரலாம். ஆறு சக்கரங்கள், ஒவ்வொன்றும் நெஞ்சு உயரம். இதே வகை வண்டி ஒன்று அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்திலும் ஓடியதாம். மொரைன் மேட்டின் செங்குத்து இறக்கத்தில் நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து இறங்கி, அடியில் தேங்கிய நீரில் வேண்டுமென்றே இறங்கி ஏறியது. சக்கரத்தின் சேற்றைக் கழுவத்தான். கரிய மண் பனியின் மேல் படிந்தால் அந்த இடம் சீக்கிரம் உருகும். இவ்வளவு கவனமாகச் சக்கரத்தைக் கழுவிவிட்டு டீசல் புகையோடு பனியின் மேல் ஏறும் முரணை ஓட்டுநரே வேடிக்கையாகச் சொல்லிக்காட்டினார். என்னால் அதைப் பெரிய பாவமாகப் பார்க்க முடியவில்லை. இந்தப் பனியை உருக்கும் வெப்பம் இந்தப் பேருந்துகளிலிருந்து வரவில்லை. உலகத்துப் புகைபோக்கிகளையெல்லாம் மறந்துவிட்டு எதிரில் இருக்கும் பேருந்தைத் திட்டுவது சுலபம்.

இறங்கி நின்றால் முதலில் வருவது சத்தம். காலடியில், பக்கத்தில், எங்கும் நீர். விரல்கடை அகல ஓடைகள் பனியில் நீல வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடின. சீட்டியடிக்கும் குளிர்காற்று மேலிருந்து கீழாக மட்டுமே வீசியது. பனிக்கு மேல் குளிர்ந்து கனத்த காற்று தானாகவே சரிந்து இறங்குகிறது. ஜூலை மாதத்தில் காது விறைத்தது. எல்லோரும் பாட்டிலில் நீர் பிடித்தார்கள். நானும் குடித்தேன். சுவையே இல்லாத சுவை, பல் கூசியது.

மண்டியிட்டுப் பார்த்தபோது பனியின் முகம் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். சில பென்சில் பருமன், சில உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் தெளிந்த நீர், அடியில் ஒரு சிட்டிகை கரிய வண்டல். காற்றில் வந்த தூசு, காட்டுத்தீயின் கரி, நுண்பாசி எல்லாம் சேர்ந்த வண்டல் அது. கறுப்பாக இருப்பதால் வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தன் அடியில் உள்ள பனியை உருக்கி, தான் தோண்டிய குழியில் தானே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கறுப்புச் சிட்டிகை எங்கிருந்து வந்தது என்பது மறுநாள் ஜாஸ்பர் ஊரில் தெரிந்தது. 2024 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் 358 எரிந்துபோயின, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. சாலையின் இருபுறமும் கரிந்த தண்டுகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன, அடியில் ஊதா நிறக் காட்டுப்பூக்கள். சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அத்தபாஸ்கா பனியாற்றிலேயே கருவிகள் நட்டு அளந்தவர்கள். அவர்கள் கண்டபடி, தீப்புகை வெயிலை மறைத்து அந்த நேரத்தில் உருகலைக் கொஞ்சம் குறைக்கவும் செய்கிறது. ஆனால் படிந்த கரியும் அதை உண்டு வளரும் பாசியும் பனியைக் கறுப்பாக்கி, தீ அணைந்த அடுத்தடுத்த கோடைகளிலும் உருகலைக் கூட்டுகின்றன.

பேருந்து நின்ற இடத்திலிருந்து தலைநிமிர்ந்து பார்த்தால், பள்ளத்தாக்கின் கோடியில் மூன்று படிகளாக உடைந்து தொங்கும் பனிச்சரிவு. பனி அங்கே ஆண்டுக்கு 125 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. நுனிக்கு வரும்போது வேகம் 15 மீட்டராகத் தளர்ந்துவிடும். படிகளில் வீட்டளவு பாளங்கள் சாய்ந்து நின்றன, இடுக்குகளில் நீலம். அந்த மேல்படியின் உதடுதான் பானையின் விளிம்பு. என் காலடியில் உருகிக்கொண்டிருந்த பனி, பாட்டன் பூட்டன் காலத்தில் அந்த உதட்டுக்கு அப்பால் மாவாக விழுந்தது. வசந்த காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, கயிற்றில் பிணைந்துகொண்டு, இந்தப் படிகளின் ஓரமாக ஏறிப் புலத்துக்குள் போகிறவர்கள் உண்டு. மேலே போனால் வெண்மையில் திசை தெரியாமல் நாள்கணக்கில் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்க நேரிடுமாம். ஆல்பர்ட்டா மாகாணத்தின் மிக உயர்ந்த சிகரமான கொலம்பியா, 3,747 மீட்டர், அந்த வெண்மையின் மறுகரையில் நிற்கிறது. சாலையில் போகும் இலட்சக்கணக்கானவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

"இதெல்லாம் உருகிட்டா எங்க ஊர்ல குழாய்ல தண்ணி வராது மாமா" என்றான் திரும்பும்போது. கால்கரியில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. அது அப்படியில்லை. கால்கரிக்கு நீர் தரும் போ ஆறு இந்தப் புலத்தில் பிறப்பதே இல்லை. முந்தைய நாள் தாண்டிவந்த வாப்டா புலத்தின் போ பனியாறுதான் அதன் தலை. அதிலும் ஆண்டு முழுவதும் ஓடும் நீரில் பெரும்பங்கு, குளிர்காலத்தில் மலையில் விழுந்து மே, ஜூனில் உருகும் புதுப்பனியும் மழையும்தான். பழம்பனியின் பங்கு மொத்தத்தில் சிறியது. ஆனால் அது வரும் நேரம் முக்கியம். புதுப்பனி தீர்ந்து, மழை பொய்த்து, சமவெளியில் கோதுமை வாடும் ஆகஸ்ட் மாதத்தில், ஆற்றைத் தாங்கிப் பிடிப்பது இந்த உருகல்தான். வறண்ட ஆண்டுகளில்தான் அதன் அருமை. இன்னொன்றும் உண்டு. பனியாறு சுருங்கத் தொடங்கும்போது நீர் முதலில் அதிகமாகத்தான் வரும், சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதால். உச்சத்தைத் தொட்டபின்தான் குறையும். ராக்கியின் கிழக்குச் சரிவில் பல ஆறுகள் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டதாக நீரியலாளர்கள் கருதுகிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப கார் கழுவறத ஆகஸ்ட்ல மட்டும் நிறுத்தினா போதும்" என்றான். இந்தத் தலைமுறையிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஜாஸ்பரில் தங்கிய இரவு, ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. காசில்கார்டு குகையைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். புலத்தின் தெற்கு விளிம்பில் அதன் வாய். சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் அரித்து உண்டாக்கிய சுரங்கம், அளந்தவரை 20 கிலோமீட்டருக்கு மேல், மலையின் உள்ளே புலத்துக்கு அடியிலேயே ஏறிப் போகிறது. 1967-இலிருந்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டெரிக் ஃபோர்டும் குழுவினரும் அதற்குள் ஊர்ந்து போனார்கள். கோடி வரை போனவர்களுக்கு வழி அடைபட்டிருந்தது. அந்தக் கோடியில் பனிக்கட்டி மேலிருந்து பிதுங்கி இறங்கியிருந்தது. பனிப்புலத்தின் அடிவயிறு. முந்நூறு மீட்டர் பனியைத் துளையிடாமல் அதன் அடிப்பக்கத்தைக் கையால் தொடக் கிடைத்த இடம். குகையின் குட்டைகளில் கண்ணில்லாத, நிறமில்லாத இறால்போன்ற சிற்றுயிர் ஒன்று வாழ்கிறது. சுற்றிலும் எல்லாம் பனியில் மூழ்கியிருந்த காலத்திலும் அது அங்கேயே பிழைத்துக் கிடந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

"சூப்பர் மாமா. ஆகஸ்ட்ல லீவு இருக்கு, போகலாமா?"

கோடையில் போக முடியாது. மேலே உருகும் நீர் முன்னறிவிப்பில்லாமல் குகைக்குள் பாய்ந்து வாயை நிரப்பிவிடும். வெளியே எல்லாம் உறைந்திருக்கும் குளிர்காலத்தில், பனிச்சறுக்கில் போய்ச் சேர்ந்து, உள்ளே நாள்கணக்கில் தங்க வேண்டும். வாயிலில் இரும்புக் கதவு, பூங்கா அலுவலகத்தின் அனுமதி வேறு. உள்ளே ஒரு கிணறுபோன்ற இறக்கமும், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய நீண்ட துவாரமும் உண்டு என்று சொன்னேன். அவன் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுப் பட்டியலை என் பக்கம் தள்ளினான்.